பேரைப் பாக்காதே, பேரலைப் பாரு

துப்பாக்கி வாங்கின கதைன்னதும் பயந்துடாதீங்க. நான் சொல்றது ஏர்கன். அதை வெச்சு நான் சுடுறது தகரத்தை.

போன வருஷம் கொய்யாவுல பாதியைக் கிளி தீர்த்துடுச்சு. முழுக் காயைத் தின்னாக்கூட மனசு ஆறும். ஒவ்வொண்ணுலயும் ஒரு கடி கடிச்சிட்டு அடுத்ததுக்குத் தாவிடும். கடிபட்ட காயை வியாபாரி தொடமாட்டான். பக்கத்துல வேர்க்கடலை போட்ட இடத்துல மயிலு. ஒரகடம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் புதரா கெடந்த எடமெல்லாம் இப்போ கம்பெனி காம்பவுண்டு. அதுங்களும் எங்கதான் போகும்? மிச்சம் இருக்கிற பச்சை எங்க கொல்லையும் கழனியும்தான்.

தட்டு தட்டிப் பாத்தோம். பழைய கேசட் டேப்பை இழுத்துக் கட்டினோம். ரெண்டே நாள்ல கிளிக்கு அது பழகிடுச்சு. பட்டாசு போட்டா, நைட் ஷிப்ட் முடிச்சு ரூம்ல தூங்குற பசங்க சண்டைக்கு வந்தாங்க. அவங்க கேட்டதும் நியாயம்தான்.

கடைசியா வந்த யோசனைதான் இது. மரங்களுக்கு நடுவுல எண்ணெய் டின் தகரத்தைத் தொங்கவிட்டு, கொட்டகையில உக்காந்தபடியே அதுல ஒரு குண்டு போடறது. திடீர்னு ஒரு 'டங்'. கூட்டம் எழும்பிடும். பறவையைச் சுடுற பேச்சே கிடையாது. 1972 வனவிலங்கு சட்டத்துல மயில் முதல் பட்டியல்ல இருக்கு, கிளியையும் கொல்லக் கூடாது. சட்டம் இல்லேன்னாலும், வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டு வந்துட்டு மயிலைச் சுட எனக்குக் கை வராது.

"வீட்டுல துப்பாக்கியா? பேரப்புள்ளைங்க வந்து போற எடம்"னு வீட்டுக்காரி ஒரு வாரம் பேசல. பூட்டுப் போட்ட பெட்டியில வெப்பேன், சாவி அவ முந்தானையிலன்னு சொன்ன பிறகுதான் சம்மதிச்சா.

தங்கச்சி மகனைக் கூட்டிக்கிட்டுச் சென்னைக்குப் போனேன். ஒரகடம் பக்கம் வண்டி பாகம் கடையுற ஒரு சின்ன பட்டறையில அவன் சிஎன்சி மெஷின் ஓட்டுறான். 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூலுக்கு மேல போகாத சக்தி, இதுக்குள்ள இருந்தா 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் வேணாம். கடைக்காரர் அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கிட்டு ரெண்டு துப்பாக்கியை மேசையில வெச்சார். ரெண்டுமே அடியில லீவர் வெச்சது. லீவரை இழுத்தா உள்ள பிஸ்டன் பின்னால போய் ஸ்பிரிங்கை அமுக்கி நிக்கும். விசையைத் தட்டினா பிஸ்டன் முன்னால பாஞ்சு காத்தை நெருக்கும். அந்தக் காத்துதான் குண்டைத் தள்ளுது. மடக்குற துப்பாக்கியில பேரல் மடங்கும், நாள்பட்டா மூட்டு ஆட்டம் கண்டு குறி தப்பலாம். லீவர் வெச்சதுல பேரல் அசையாது. அதனாலதான் லீவர்னு முடிவு பண்ணியிருந்தேன்.

ஒண்ணு ஜெர்மனியோட டயானா. 1890ல ஆரம்பிச்ச கம்பெனி. இன்னொண்ணு நம்ம நாட்டுலயே புதுசா வந்தது, இருபதாயிரத்துக்குள்ள. டயானா அதைப்போல மூணு மடங்குக்கு மேல. என் கண்ணு டயானா மேலதான் போச்சு. பேரு பெருசாச்சே!

மருமகன் சிரிச்சான். "மாமா, பேரைப் பாக்காதீங்க, பேரலைப் பாருங்க. நாங்க கடையுற பாகத்து மேல எந்தப் பேரு ஒட்டுவாங்கன்னு எங்களுக்கே தெரியாது"ன்னான்.

யோசிச்சா உண்மைதான். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல 'துப்பாக்கி மாதிரி செஞ்சது'ன்னு விளம்பரம் பண்ணின கம்பெனி. 1955ல மெட்ராஸ் வந்துச்சு, திருவொற்றியூர்ல செஞ்சாங்க. இங்கிலாந்துக் கம்பெனி மூடிப் போச்சு. இன்னிக்கு அந்த வண்டி எங்க ஒரகடத்துலயும் வல்லம் வடகாலிலயும் உருவாகுது. டயானாவும் 2014ல வேற கம்பெனி கைக்குப் போயி, பழைய ஊரை விட்டு எடம் மாறிடுச்சாம். பேரு ஒரே எடத்துல நிக்கிற சமாச்சாரம் இல்ல.

அதுக்காக, விலை கம்மியான புதுப் பேரை நம்பிக் குதிச்சிடவும் முடியாது. டாட்சன் கார் 2014ல எங்க ஒரகடத்துல இருந்துதான் குறைஞ்ச விலையில வந்துச்சு. 2022ல அந்தப் பேரையே நிறுத்திட்டாங்க. நாளைக்கு இந்தத் துப்பாக்கிக் கம்பெனியும் நின்னா?

மருமகன் சோதனையை ஆரம்பிச்சான். பேரலுக்குள்ள டார்ச் அடிச்சு வரிப்பள்ளம் சுத்தமா ஓடுதான்னு பார்த்தான். வாய் ஓரத்துல பஞ்சைத் தடவினான், பிசிறு இருந்தா பஞ்சு மாட்டிக்குமாம். லீவரை முழுசா இழுத்துட்டு, தானா திரும்பாம பிடிச்சு நிக்குதான்னு பார்த்தான். குண்டு வைக்க விரலை உள்ள விடுற நேரத்துல லீவர் நழுவினா விரல் துண்டாயிடும். கடையில புதுசுல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல அந்தப் பிடி சரியா நிக்கல. அதை ஒதுக்கிட்டான். அதே கம்பெனி, அதே விலை!

அப்புறம் 10 மீட்டர்ல ஆளுக்கு அஞ்சு குண்டு. டயானா அஞ்சையும் 10 ரூபா காசுக்குள்ள போட்டுச்சு. புதுசு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பரப்பிச்சு. டயானா ஒசத்திதான், அதுல பொய் இல்ல. ஆனா எனக்குக் குறி எண்ணெய் டின் தகரம். மிச்சப் பணம் ஒரு போகத்து உரச் செலவு. புதுசையே எடுத்தேன். கையோட ரெண்டு சீல், ஒரு ஸ்பிரிங் கூடுதலா வாங்கிட்டேன். கம்பெனி நின்னாலும் என் துப்பாக்கி கொஞ்ச காலத்துக்கு நிக்காது.

முதல் வாரம் நல்லாத்தான் போச்சு. ஒருநாள் காலையில ஆறு மணி இருக்கும். லீவரை இழுத்துக் குண்டு போட்டுக் குறி பார்க்கிறேன். தகரத்துக்குப் பின்னால, எலை சந்துல, நீலமா ஏதோ அசையுது. கம்பெனி யூனிபார்ம். பஸ்ஸை விட்டு எறங்கி, ரூமுக்குக் குறுக்கு வழியா வரப்புல நடந்து போற பொண்ணுங்க. நாலு பேரு. எந்த ஊருப் புள்ளைங்களோ.

விரலை எடுத்துட்டேன். கை நடுங்குது. ஸ்பிரிங் துப்பாக்கியை இழுத்த நெலையில வெச்சிருக்கக் கூடாது. அவங்க தாண்டிப் போற வரைக்கும் வாயைத் தரைப் பக்கம் பிடிச்சிருந்து, அப்புறம் ஈர மண்ணுல சுட்டேன். வீட்டுல சொல்லல. இப்போ இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்குவா.

அன்னிக்கே எல்லாத் தகரத்தையும் அவுத்தேன். கொட்டகைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவுல, பின்னாடி கரை மண்ணு மட்டும் இருக்கிற மாதிரி மாத்திக் கட்டினேன். குண்டு பட்டா கீழ விழற மாதிரி சாய்வா. வரப்புப் பக்கம் நாலு மரம் பாதுகாப்பு இல்லாம நிக்குது. அந்த நாலு மரமும் கிளிக்குன்னு விட்டுட்டேன்.

துப்பாக்கி இப்ப வரைக்கும் தொந்தரவு குடுக்கல. உபரி சீல் ரெண்டும் அப்படியே பெட்டியில இருக்கு. சாவி அவகிட்ட.