பிராதரியும் ஐக்கியமும்: தில்லித் திருச்சபை வரலாற்றில் ஒரு சொல்லின் பயணம்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ‘கொய்னோனியா’ என்றொரு சொல் உண்டு. தமிழ் வேதாகமம் அதை இரண்டு விதமாகப் பெயர்த்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில், முதற்சபை ஒன்றாகக் கூடி வாழ்ந்ததைச் சொல்லுமிடத்தில் ‘அந்நியோந்நியம்’. யோவானின் முதலாம் நிருபத்தில் ‘ஐக்கியம்’. இரண்டும் வடசொற்களே. ஆனால் பொருள் ஒன்றல்ல. அந்நியோந்நியத்துக்கு இருவர் தேவை. அவர்கள் இருவராகவே இருந்துகொண்டு நெருங்குகிறார்கள். ஐக்கியத்தில் இருமை கரைந்துபோகிறது. தமிழ்ச் சபைகளின் பேச்சுவழக்கில் வென்றது ஐக்கியம்தான்: வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம். அந்நியோந்நியமோ இல்லறத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

விசுவாசத்தை அன்றாடத்தில் வாழ்வது என்று பிரசங்கங்களில் கேட்பது எளிது. யாரோடு உண்பது, யார் வீட்டில் தங்குவது, மரணம் நேர்ந்தால் பாடையைத் தூக்க யார் வருவார்கள் என்ற கேள்விகளாக அது மாறும்போதுதான் கனக்கிறது. தில்லித் திருச்சபையின் வரலாறு இக்கேள்விகளை இரண்டு முறை கூர்மையாகச் சந்தித்தது.

1877இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து இளைஞர்கள் தில்லிக்கு ஒரு மிஷனாக வந்தார்கள். திருமணமின்றி, ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே ஜெப ஒழுங்கில் வாழ்ந்த அவர்கள் தங்களைச் ‘சகோதரத்துவம்’ என்று அழைத்துக்கொண்டனர். தூய ஸ்தேவான் கல்லூரியை 1881 பிப்ரவரி 1ஆம் நாள் சாந்தினி சௌக்கின் கினாரி பஜார்ப் பகுதியில் ஒரு ஹவேலியில் தொடங்கியவர்கள் அவர்களே. ஐந்து மாணவர், மூன்று ஆசிரியர். கல்லூரியின் கதை பலரும் அறிந்தது. அதே மிஷன் தரியாகஞ்சில் நடத்திய மற்றொரு முயற்சியைப் பலர் அறியார்.

அங்கே சமார் எனப்பட்ட தோல் தொழிலாளர் குடும்பங்கள் சில ஞானஸ்நானம் பெற்றிருந்தன. அவர்களைத் தனிக் குடியிருப்பில் வைத்தால் கிறிஸ்தவ வாழ்வு வேர்பிடிக்கும் என்று மிஷன் கருதியது. வீடு வேண்டுமென்றால் நிபந்தனைகள் மூன்று. ஞாயிறன்று வேலை கூடாது. பிறப்பு, திருமணம், மரணம் ஆகியவற்றில் கிறிஸ்தவச் சடங்கு மட்டுமே. சரஸ் புகைக்கக் கூடாது. விசுவாசம் இங்கே ஒரு குடிக்கூலி ஒப்பந்தமாகிவிட்டது என்று இன்று சொல்வது சுலபம். ஆனால் அந்த இளைஞர்கள் கபடமாக இதைச் செய்யவில்லை. ஞாயிறு ஆலயத்துக்கு வந்துபோவது மட்டும் போதாது, வாழ்க்கை முழுவதும் மாறவேண்டும் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

மாற்றத்தை முழுதாகக் கேட்டால் விடையும் முழுதாகத்தான் வரும். 1880களின் நடுவில் அக்குலத்தாரின் பெரும் பஞ்சாயத்து கூடியது. கிறிஸ்தவரா, குலத்தாரா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று அங்கே ஒவ்வொருவரும் நிறுத்தப்பட்டனர். பெரும்பாலோர் குலத்தின் பக்கம் நின்றார்கள். இதைப் பதிவுசெய்தவர் பின்னாளில் லாகூர்ப் பேராயரான ஜி. ஏ. லெஃப்ராய். அங்கே நின்ற தோல் தொழிலாளர் எவருடைய எழுத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மிஷன் பார்வையில் அது விசுவாசத் தளர்ச்சி. மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எப்படியிருந்திருக்கும்? பெண் கொடுப்பதும், கடன் தருவதும், பிணம் சுமப்பதும், வேலை இல்லாதபோது சோறு போடுவதும் குலம்தான். அதை விட்டு வரச் சொன்னவர்கள் பதிலுக்குத் தந்தது ஓர் அறையும் மூன்று விதிகளும்.

குலத்தின் அந்தக் கட்டுக்கு வட இந்தியாவில் வழங்கும் பெயர் ‘பிராதரி’. ‘பிராதர்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பாரசீகத்தின் பிராதர், சமஸ்கிருதத்தின் ப்ராத்ரு, ஆங்கிலத்தின் பிரதர் மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மூலச்சொல் ஒன்றின் கிளைகள். ஆகத் தரியாகஞ்சில் எதிரெதிரே நின்றவை ஒரே சொல்லின் இரு வடிவங்கள். கேம்பிரிட்ஜ் பிரதர்கள் ஒரு பக்கம், பிராதரி மறுபக்கம். முன்னவர்கள் தம் சகோதரத்துவத்தை விரும்பி ஏற்றவர்கள். வேண்டாமென்றால் கப்பலேறி ஊருக்குப் போய்விடலாம். பின்னவர்களுக்கு அது பிறப்போடு வந்தது, போக வேறிடமும் இல்லை. இந்த வேறுபாட்டை மிஷன் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டாவது சந்தர்ப்பம் வேறு வகையானது. அதில் விதிகள் இல்லை. 1904 மார்ச் 20ஆம் நாள் சி. எஃப். ஆண்ட்ரூஸ் இந்தியாவுக்கு வந்து, அதே மிஷனில், அதே கல்லூரியில் சேர்ந்தார். அந்த நாளைத் தம் இந்தியப் பிறந்தநாளாகப் பின்னர் கொண்டாடினார். கல்லூரியில் அவருக்கு மூத்த ஆசிரியர் வங்காளக் கிறிஸ்தவரான சுசீல் குமார் ருத்ரா; 1886 முதல் அங்கே கற்பித்து வந்தவர், மனைவியை இழந்தவர், குரல் உயர்த்திப் பேசாதவர். இந்தியாவை ஆண்ட்ரூஸ் கற்றது ருத்ராவின் வீட்டுக் கூடத்தில்தான் என்றால் மிகையன்று. 1906இல் முதல்வர் பதவி காலியானபோது, ஓர் இந்தியர் முதல்வரானால் பெற்றோர் ஏற்பார்களா, ஒழுங்கு நிற்குமா என்ற ஐயம் மிஷனுக்குள் எழுந்தது. ஆண்ட்ரூஸை நியமிக்கலாம் என்றார்கள். அவர் மறுத்து, ருத்ராவைத் தவிர வேறெவரையும் நியமிப்பது முறையன்று என்று உறுதியாக நின்றார். ருத்ரா முதல்வரானார், ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே பணிபுரிந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1910இல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அங்கே பேசினார். மிஷனரிகள் தந்த உழைப்பையும் தியாகத்தையும் நன்றியோடு ஒப்புக்கொண்டார். அன்றாடப் பழக்கத்தில் அவர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நிலவிய தூரத்தை எடுத்துச் சொன்னார். இறுதியில் அவர் கேட்டது நட்பை மட்டும். அவையில் பலருக்கு அது கசந்தது. இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கன் இந்தியப் பேராயராக அவர் 1912 டிசம்பரில் அபிஷேகம் பெற்றார். அவர் கேட்டது என்ன என்பதற்குக் கஷ்மீரி கேட்டில் அப்போதே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது.

அந்த நட்புக்கு விலையும் இருந்தது. 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆண்ட்ரூஸ், காந்தியின் பாதங்களைத் தொட்டு வணங்கினார்; அங்கிருந்த வெள்ளையர் சீறினர். (1913இல் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் பங்கேற்ற சுரங்க வேலைநிறுத்தம் வெடித்தது நேட்டாலின் நியூகாசிலில், ஆண்ட்ரூஸ் பிறந்ததோ இங்கிலாந்தின் நியூகாசிலில். தற்செயல்தான்.) மறு ஆண்டு ஏப்ரலில் காந்தி தில்லிக்கு வந்தபோது தங்கியது முதல்வர் ருத்ராவின் வீட்டில். கிலாபத் கோரிக்கையை வைஸ்ராய்க்கு முன்வைத்த பகிரங்கக் கடிதம் உருவானதும் அந்தக் கூரையின் கீழ்தான். அரசு உதவி பெறும் கல்லூரிகளை விட்டு வெளியேறுமாறு மாணவரை அழைத்த இயக்கம் ஒரு கல்லூரி முதல்வரின் வீட்டில் திட்டமிடப்பட்டது! தம்மால் கல்லூரிக்கு ஆபத்து வருமே என்று காந்தி தயங்கியபோது, தம் மதம் பிறர் எண்ணுவதைவிட ஆழமானது என்ற பொருள்பட ருத்ரா பதிலளித்து, விருந்தினரைப் போக விடவில்லை. 1925இல் ருத்ரா மறைந்தபோது ‘யங் இந்தியா’வில் இதை எழுதியவர் காந்தியே. விருந்தோம்பலை ருத்ரா மதத்தோடு சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. அவர் இயக்கத்தில் சேரவில்லை; கல்லூரியை மூடவுமில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தார். இதை ஐக்கியம் என்பதைவிட அந்நியோந்நியம் என்பதே சரி.

ஆனாலும் ருத்ரா–ஆண்ட்ரூஸ் நட்பைத் தரியாகஞ்சுக்கு விடையாகக் காட்டுவது நேர்மையாகாது. அவர்கள் இருவரும் படித்தவர்கள், ஒரே மேசைக்கு உரியவர்கள். தோல் தொழிலாளியின் திண்ணையில் அத்தகைய நட்பு மலர்ந்ததாக மிஷன் வரலாற்றில் தேடினால் அரிதாகவே தட்டுப்படும்.

இன்றைய தில்லியில் தமிழ்ச் சபையார் பெரும்பாலும் வேறு மொழிச் சபைகளோடு ஆலயத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே பீடத்தில் ஒரு வேளை ஆங்கிலம், ஒரு வேளை இந்தி, ஒரு வேளை தமிழ். அரசு ஊழியர், செவிலியர், வீட்டுவேலை செய்வோர் எல்லாரும் ‘அண்ணன்’, ‘அக்கா’ என்று அழைத்துக்கொள்ளும் இடம் அது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அதுவே உறவினர் வீடு. அந்த அழைப்பு கல்யாணப் பேச்சு தொடங்கும்போது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அதே சபையார் நன்றாக அறிவர். ஊரின் பிராதரி ரயிலேறி உடன் வந்திருக்கிறது.

பஞ்சாயத்து கேட்ட கேள்வியை இன்று அரசும் கேட்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே அப்பட்டியலில் ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். இதை ஆராய 2022இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. இதற்கிடையில், பல தலித் குடும்பங்களில் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் சாதிச் சான்றிதழில் மற்றொரு பெயரும் இருக்கின்றன. பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டு, புகைப்படம் எடுப்பதில்லை. திருமணத்தை ஆலயத்தில் நடத்துவதா, பதிவு அலுவலகத்தோடு நிறுத்துவதா என்று பெற்றோர் பல இரவுகள் பேசுகிறார்கள். அடக்க ஆராதனைக்கு எந்தப் பெயரை அறிவிப்பது என்று போதகரிடம் தனியே வந்து கேட்கிறார்கள்.