ஒரு பிரயாண ஜாபிதா

அமெரிக்காவில் 1960களில் நிகழ்ந்த இளைஞர் கலகத்தைப் பற்றிய நூல்களில் சித்தாந்தங்களுக்கும் பிரகடனங்களுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது, எழுத்தாளர் ஜோன் டிடியன் தம்முடைய ‘தி ஒயிட் ஆல்பம்’ என்னும் கட்டுரையின் நடுவே கொடுத்திருக்கும் பிரயாண ஜாபிதாவைத்தான்.

ஹாலிவுட்டில் குடியிருந்த காலத்தில், அலமாரிக் கதவின் உட்புறத்தில் அதை ஒட்டிவைத்திருந்தாராம். செய்தி சேகரிக்க எந்த நிமிஷம் புறப்பட நேர்ந்தாலும் யோசனையின்றிப் பெட்டியைக் கட்டிவிடலாம் அல்லவா? ஸ்கர்ட்டு இரண்டு, காலுறை, சிகரெட்டு, விஸ்கி, டைப்ரைட்டர், வீட்டுச் சாவி என்று வளரும் அந்த வரிசையில் ஒரு சூக்ஷ்மமும் உண்டு: கலகக்காரர் கூட்டமானாலும் கனவான்கள் சபையானாலும், எவர் கண்ணையும் உறுத்தாமல் புகுந்து வெளிவரத் தகுந்த உடைகள் அவை. 1964 ஜனாதிபதித் தேர்தலில் பழமைவாதியான பாரி கோல்ட்வாட்டருக்கு உற்சாகமாக வோட்டளித்தவர் இவர். 1967இல் ஸான் பிரான்ஸிஸ்கோவின் ஹைட்-ஆஷ்பரி வீதிகளில், வீட்டைத் துறந்து வந்த பிள்ளைகளிடையே நடமாடி, ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெற்றவளே எல்.எஸ்.டி. என்னும் போதை மருந்தைக் கொடுத்துவந்ததை எழுதியவரும் இவரே. பூச்சூடிக் கூத்தாடியவர்கள் எழுதிவைத்த சரித்திரத்தைக் காட்டிலும், சாவியை மறவாத இந்த அம்மாளின் சாட்சியமே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. முதுமையின் பிடிவாதம் என்போர் சொல்லிக்கொள்ளட்டும்.

இவ்வளவு ஜாக்கிரதையாகத் தயாரித்த ஜாபிதாவில் கைக்கடிகாரம் இல்லை என்பதுதான் வேடிக்கை! வெளியூர் ஹோட்டலில் அரைமணிக்கொரு தரம் கீழேயுள்ள சிப்பந்தியிடம் தொலைபேசியில் மணி கேட்பாராம். இன்னொரு முறை கேட்க வெட்கமாகிவிட்டால், லாஸ் ஏஞ்ஜலீஸிலிருக்கும் கணவரை அழைத்து விசாரிப்பாராம்.

அதே கட்டுரையில் இன்னொரு ஜாபிதாவும் வருகிறது. 1969 ஆகஸ்டில் நடிகை ஷாரன் டேட் முதலானோரைக் கொன்ற சார்ல்ஸ் மான்ஸன் சீடர்களின் கூட்டத்திலிருந்து விலகி, அரசாங்கத் தரப்புச் சாட்சியாக மாறிய லிண்டா கஸாபியன், நீதிமன்றத்துக்கு உடுத்திச் செல்ல ஓர் ஆடை வாங்கித் தரும்படி டிடியனிடம் கேட்டுக்கொண்டார். முடிந்தால் வெல்வெட்டு; மரகதப் பச்சை அல்லது பொன்னிறம். குட்டையாயிருக்கலாம், மிகவும் குட்டையாக வேண்டாம். 1970 ஜூலையில் பெவர்லி ஹில்ஸிலிருந்த ஐ. மாக்னின் கடையில் டிடியன் அதைத் தேர்ந்தெடுத்தார். கடைகளின் குப்பைத் தொட்டியைக் கிளறி உண்டு, உலகத்தாரின் மரியாதைகளையெல்லாம் உதறிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட கூட்டத்திலிருந்து வந்தவருக்கும், நீதிபதியின் முன் நிற்கையில் முழங்காலுக்கு மேல் எத்தனை அங்குலம் என்ற விசாரம் விட்டபாடில்லை. இவற்றுக்கெல்லாம் பொருத்தமான அர்த்தம் ஒன்றும் தமக்குப் புலப்படவில்லை என்கிறார் டிடியன். எனக்கோ சிரிப்பு வருகிறது. அவர் சிரித்ததாகத் தெரியவில்லை.