ஏழு மாதத்து ஆண்டு

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். கோயில் பணத்திலிருந்து அவ்வளவையும் எடுத்துக்கொண்டார் என்பதுதான் அந்தப் பொருளாளர் மீது வந்த புகார். 2009-இல் ஒரு நாள் காலை, பாலித்தீன் பையோடு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். பையில் வங்கிப் பாஸ்புத்தகமும் ரசீதுகளின் அடிக்கட்டைகளும் இருந்தன. அடிக்கட்டைகளை மாதவாரியாக அடுக்கி, பூக்கட்டும் வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். மேசையில் வைத்துவிட்டு, "ஒரு ரூபா குறைஞ்சாலும் என்னைக் கேளுங்க சார்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

புணேயின் கோர்படி, ராணுவமும் ரயிலும் வளர்த்த பகுதி. இரண்டையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வேர்விட்டிருக்கின்றன. பொருளாளர் அங்கே டீசல் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஓர் அம்மன் கோயில், அதற்குப் பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை. பதினாறு வருடமாக அதன் பேரேட்டை எழுதி வந்தார், தமிழில், மணிமணியான கையெழுத்தில்.

அந்தக் கோயிலின் கணக்காண்டு ஆகஸ்ட் 31-இல் முடியும். ஆடித் திருவிழா முடிந்து, பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் பாக்கி தீர்த்த பிறகு கணக்கு முடிப்பதுதான் அவர்களுக்குத் தோது. சட்டமும் இதற்கு இடம் தருகிறது. அப்போது பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டம் என்றிருந்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, மார்ச் 31-இலோ சாரிட்டி கமிஷனர் குறித்துத் தரும் வேறொரு நாளிலோ கணக்கை முடிக்கலாம் என்கிறது. ஆனால் வருமான வரிக்கு 1989 முதல் எல்லோருக்கும் மார்ச் 31 என்று ஒரே முடிவு நாள் வந்துவிட்டது. அதனால் இவர் ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் போட்டுவைப்பார். அது வரிக்கு. ஆகஸ்டு கடைசியில் மையால் போடும் கூட்டல் அறக்கட்டளைக்கு. அதன் கீழே இரண்டு சிவப்புக் கோடு.

இரட்டைக் கணக்கு வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்து, உரிய அனுமதி வாங்கி, 2008 முதல் மார்ச் 31-க்கு மாறியது. மாற்றத்தின்போது இடையில் ஒரு குட்டி ஆண்டு பிறந்தது: 2007 செப்டம்பர் 1 முதல் 2008 மார்ச் 31 வரை, ஏழே மாதம். அதற்கான தணிக்கை அறிக்கையில் நன்கொடை வரவு 2,31,000 ரூபாய்.

அப்போதுதான் கணினி தெரிந்த ஓர் இளைஞர், நல்ல எண்ணத்தோடுதான், பழைய ரசீதுகளையெல்லாம் எக்செல்லில் ஏற்றினார். ஒவ்வொரு வரவுக்கும் எதிரே 'இதுவரை' என்று ஒரு பத்தி. ஆண்டு தொடங்கிய நாளிலிருந்து அந்த வரி வரைக்குமான கூட்டல் அதில் வந்து நிற்கும். ஆண்டு எந்த மாதம் முடிகிறது என்பதை மேலே ஒரே ஒரு கட்டத்தில் எழுதினால் போதும். அவர் 3 என்று எழுதினார். 2008 மார்ச் 31-க்கு எதிரே 6,43,000 வந்தது. வருமானவரிக் கணக்கிலும் அதே 6,43,000. தணிக்கை அறிக்கையிலோ 2,31,000. மீதி 4,12,000 எங்கே?

புகார் கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் தெரு, விசாரணை முடியும்வரை காத்திருக்கவில்லை. பொருளாளரின் மனைவி வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போவதை நிறுத்திவிட்டார். அதை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எனக்கும் முதலில் பிடிபடவில்லை. புரியவைத்தவர் அவர்தான். "எஞ்சினுக்கு ரெண்டு கணக்கு உண்டு சார். பெரிய ஓவர்ஹாலுக்குப் பின்னாடி எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுங்கிறது ஒண்ணு. பொறந்ததிலேருந்து எத்தனைங்கிறது ஒண்ணு. முதல் கணக்கு ஒவ்வொரு ஓவர்ஹாலுக்கும் பூஜ்யத்திலேருந்து கிளம்பும். ஓவர்ஹால் தேதி தெரியாம அதைப் படிச்சா தப்பாத்தான் படிப்பீங்க."

அவர் சொன்னது சட்டத்திலும் அப்படித்தான் என்று அப்போது உறைத்தது. ஒரு திருத்தம் எந்த நாளிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பதுதானே நாங்கள் முதலில் தேடுவது? 1989 மாற்றத்தின்போது தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்த வியாபாரிகளுக்கு அந்த ஒரு தடவை பன்னிரண்டு மாதத்தைத் தாண்டி நீண்ட ஆண்டு வந்தது. அதற்கென்றே வருமானவரிச் சட்டத்தில் தனி அட்டவணை எழுதினார்கள். பின்னாளில் ரிசர்வ் வங்கியே ஜூலை-ஜூன் ஆண்டை விட்டு ஏப்ரல்-மார்ச்சுக்கு வந்தபோது, 2020 ஜூலை முதல் 2021 மார்ச் வரை ஒன்பது மாதத்துக்குத் தனிக் கணக்கு வெளியிட்டது. பழைய ஆண்டுகளின் எல்லையைப் பின்னோக்கிப் போய் யாரும் நகர்த்தவில்லை. எக்செல்லின் அந்த ஒற்றைக் கட்டம் நகர்த்தியது. இன்றைக்குத் தந்த உத்தரவை நேற்றைய வரிகளுக்கும் அது நீட்டிவிட்டது.

விசாரணை இணை சாரிட்டி கமிஷனர் முன்பு, அதே அறக்கட்டளைச் சட்டத்தின் 41டி பிரிவின் கீழ். நிரூபணமானால் பொருளாளரை நீக்கலாம். கணினி அச்சுத்தாளுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் இல்லை என்று நான் ஆட்சேபித்திருக்கலாம். வேண்டுமென்றே எழுப்பவில்லை. சான்றிதழ் இல்லாததால் தப்பித்தான் என்ற பேரோடு அவர் கோர்படிக்குத் திரும்பக் கூடாது.

இளைஞரைக் குறுக்கு விசாரணை செய்தேன். பேச்சு மராத்தியில் நடந்தது.

"உங்கள் அறிக்கையில் 2007 ஆகஸ்ட் 31-ஆம் தேதி வரியைப் படியுங்கள்."

"இதுவரை, 4,12,000."

"அதே நாளில் முடிந்த ஆண்டுக்குத் தணிக்கை அறிக்கை என்ன சொல்கிறது?"

தாளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: "6,97,500."

"உங்கள் அறிக்கை சரி என்றால், பொருளாளர் வராத பணம் 2,85,500-ஐ வந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார். திருடுகிறவர் அப்படிச் செய்வாரா?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த வரியை அதுவரை யாருமே பார்த்திருக்கவில்லை. எல்லார் கண்ணும் மார்ச் வரியிலேயே நின்றுவிட்டது. மடிக்கணினியைத் திறந்து, மேலே உள்ள 3-ஐ 8 ஆக்கச் சொன்னேன். ஆக்கினார். மார்ச் 31-க்கு எதிரே 2,31,000 வந்து நின்றது. ஆகஸ்ட் 31-க்கு எதிரே 6,97,500. இரண்டும் தணிக்கை அறிக்கையில் உள்ளபடி, ரூபாய் பிசகாமல். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வந்த 4,12,000 எங்கும் போகவில்லை. முந்தைய ஆண்டின் கணக்கில், சிவப்புக் கோட்டுக்கு மேலே, அதுபாட்டுக்கு இருந்தது.

பிறகு பாஸ்புத்தகத்தைக் கொடுத்தேன். வரவுக்கு ஆண்டு உண்டு, கையிருப்புக்கு ஆண்டு கிடையாது. முன்னிருப்பு, வரவு, செலவு, முடிவிருப்பு என்று ஒவ்வொரு ஆண்டுக்கும் வங்கி இருப்போடு ஒத்துப்போனது. நாலு லட்சம் வெளியே போயிருந்தால் அங்கே ஓட்டை தெரிந்திருக்கும். பேரேட்டின் ஓரத்தில் இருந்த பென்சில் கூட்டலையும் காட்டினேன்: 31-3-08, 6,43,000. மறைக்க நினைத்தவர் அதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்க மாட்டார்.

புகார் தள்ளுபடியானது.

ஆண்டு முடிவை ஒரே கட்டத்தில் வைக்கக் கூடாது, ஒவ்வொரு ஆண்டும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிந்தது என்று தனிப் பட்டியல் வேண்டும், ஒவ்வொரு வரவும் தன் தேதியைக் கொண்டு அந்தப் பட்டியலில் தன் ஆண்டைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று அந்த இளைஞருக்குச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் வீட்டுக்குப் போய்ப் பழைய பேரேடுகளை வாங்கி, முடிவு நாட்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாராம்.

பொருளாளர் மறுபடி அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. எத்தனை பேர் கேட்டும் மறுத்துவிட்டார். எனக்கு அது இன்றும் வருத்தம்தான். தீர்ப்புக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி பிரகாரத்தில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். அறிவிப்புப் பலகையில் புதிதாக அச்சிட்ட கணக்கு ஒட்டியிருந்தது. 6,97,500-க்கு அடுத்த வரியில் 2,31,000. அதன் பக்கத்தில் பேனாவால், எனக்குப் பழக்கமான அந்த மணிமணியான எழுத்தில், 'ஏழு மாதம் மட்டும்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.