மார்க்குப் பார்த்த அப்பா

முப்பது வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். காகிதத்தில் ஓர் எண்ணைக் கண்டால்தான் எனக்கு எதிலும் நம்பிக்கை பிறக்கும். இந்தக் குணம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நோயாளி இருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும்.

என் பிள்ளைக்கு 19 வயது. அவனுக்கு 'அல்ஸரேடிவ் கொலைட்டிஸ்' என்ற வியாதி. பெருங்குடலின் உட்புறம் புண்ணாகிவிடும். மருந்துக்கு அடங்கும், பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சீறும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை உண்டு. ரிப்போர்ட் வந்ததும், பள்ளிக்கூடத்து மார்க்குப் பட்டியலைப் போல அதைப் பிடுங்கிப் பார்ப்பேன்.

அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று ஈ.எஸ்.ஆர். ரத்தத்தை மெல்லிய குழாயில் நிறுத்தி வைத்தால், சிவப்பு அணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்கு. உடம்பில் அழற்சி இருந்தால் அவை காசு அடுக்கினாற்போல ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். மற்றொன்று சி.ஆர்.பி. 1930-ஆம் ஆண்டு நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. அழற்சி என்று தகவல் போனதும் கல்லீரல் இதைச் சுரக்கும். சில மணி நேரத்தில் ஏறும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் கணக்கு.

சென்ற வருஷம் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, "வயிறு வலிக்கிறது" என்று படுத்துக்கொண்டான் பிள்ளை. நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சி.ஆர்.பி. 3! ஈ.எஸ்.ஆரும் ஒழுங்கு.

"எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? படிக்கச் சோம்பல், அதற்கு ஒரு பாசாங்கு!" என்று இரைந்தேன்.

அவன் மெதுவாகச் சொன்னான்: "காகிதத்துக்கு வலிக்கவில்லை அப்பா. எனக்குத்தான் வலிக்கிறது."

அதற்கப்புறம் அவன் வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் குளியலறைத் தரையில் ரத்தத் துளிகளைப் பார்த்தாள் என் மனைவி. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவனை டாக்டரிடம் அழைத்துப் போனாள். நான் ரிப்போர்ட்டும் கையுமாகப் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது? ராத்திரியில் எழுந்திருக்கிறாயா? ரத்தம் உண்டா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை, ஸார்!

பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். குரோன் நோய் என்று இதன் பங்காளி ஒன்று உண்டு. அது குடலின் சுவர் முழுவதையும் துளைக்கக்கூடியது. அதில் பலருக்கு சி.ஆர்.பி. நன்றாக ஏறும். கொலைட்டிஸோ பெரும்பாலும் மேல்தோலோடு நிற்பது. புண் இருந்தும் எண் ஏறாமலே இருக்கலாம். ஏறினாலும் குடலால்தான் என்று சொல்ல முடியாது. சளிக் காய்ச்சலுக்கும் ஏறும். ரத்தசோகை இருந்தால் ஈ.எஸ்.ஆர். அதிகமாகக் காட்டும். "ரத்தப் பரிசோதனை நல்ல சாட்சிதான். ஆனால் தீர்ப்பு அதன் கையில் இல்லை" என்றார்.

மலத்தில் 'கால்புரொடெக்டின்' பார்த்தார்கள். 250-ஐத் தாண்டினாலே குடலில் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டுமாம், அவனுக்கு 900. குழாய் விட்டுப் பார்த்ததில் புண்கள் பளிச்சென்று தெரிந்தன. மருந்தை மாற்றினார்கள். தேறுவதற்கு இரண்டு மாதமாயிற்று. பரீட்சையை அடுத்த தடவை எழுதினான்.

இப்போதும் ரிப்போர்ட் வருகிறது. நேற்றுக்கூட வந்தது. அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "வயிறு எப்படி இருக்கிறதடா?" என்றேன்.

"நன்றாக இருக்கிறது அப்பா. ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லையா?"

"அதற்கென்ன அவசரம்? முதலில் சாப்பிட வா" என்றேன்.