நொய்யல்: சாயம் போகாத ஆறு

வெள்ளியங்கிரி மலையில் இறங்கும் ஓடைகள் கூடுதுறையில் ஒன்றுசேர்ந்து நொய்யலாகின்றன. காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். மழை நாளில் பெருகி, மற்ற நாளில் மெலியும் ஆறு இது. அதனால் சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளில் வெள்ளத்தை மறித்து, வாய்க்கால் வழியே கோவையின் குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பினார்கள் முன்னோர்.

அந்த நீரில் நெல் விளைந்ததற்குப் பேரூர் பட்டீசுவரர் கோயிலில் இன்றும் ஒரு சாட்சி உண்டு. ஆனி மாதத்தில் அங்கே நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. சுந்தரர் பொருள் கேட்டு வருவதை அறிந்த ஈசன், பள்ளனும் பள்ளியுமாக அம்மையோடு வயலில் இறங்கி நாற்று நட்டார் என்பது தலக்கதை. நந்தி காட்டிக்கொடுத்துவிட, மண்வெட்டியால் அதன் தாடையில் ஒரு போடு போட்டாராம். கடவுளே சேற்றில் கால் வைத்த ஊரில், ஆற்றில் கால் நனைக்க இன்று மனிதர் தயங்குகிறார்கள்.

கோவையைத் தாண்டியதும் ஆறு சாக்கடையாகிறது. சூலூர், மங்கலம் வழியே திருப்பூர்.

திருப்பூர் முதலில் பஞ்சுச் சந்தை, ஜின்னிங் ஆலைகள், கதர் என்று பருத்தியால் வளர்ந்த ஊர். 1932 ஜனவரியில் விடுதலைப் போராட்டத்தில் கொடியேந்திச் சென்ற குமரன் அடிபட்டு விழுந்ததும் இங்கேதான்; 11ஆம் தேதி உயிர் பிரிந்தது. 1920களில் பனியன் பின்னும் தொழில் தொடங்கி, நெடுங்காலம் உள்ளூர் உள்பனியனோடு நின்றது. 1970களின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரிகள் டி-சர்ட் தேடி வந்தபின் ஊர் ‘டாலர் சிட்டி’ ஆயிற்று. இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறது.

ஒரே கூரையின் கீழ் நடக்கும் தொழில் அல்ல இது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், தையல், கைமடி, செக்கிங் வேறிடம். துணி ஊர் முழுக்க டெம்போவில் சுற்றுகிறது. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். கழிக்கப்பட்ட உருப்படிகள் காதர்பேட்டைக் கடைகளில் குவியும். சிறு முதலாளி தலையெடுக்க வழிசெய்த இந்தப் பிரிவினையே, கழிவுக்கு யாரும் பொறுப்பேற்காமல் நழுவவும் வழிசெய்தது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் நிற்கும், உப்பு நிற்காது. அலசும் தண்ணீரோடு முழுவதும் வெளியே வந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோ துணியை அலசிய நீர் நொய்யலில் விழுந்தது. ஒருநாள் சிவப்பு, மறுநாள் நீலம்: சாயப்பட்டறையில் என்ன ஓடுகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லலாம். நிலத்தடி நீரும் கெட, கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கின. உப்பை அப்படியே விட்டன.

அந்த உப்பெல்லாம் போய்ச் சேர்ந்த இடம், சென்னிமலைக்கு அருகே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று கட்டியது சாயத்தொட்டியானது. கிணறு உவர்த்தது, தென்னை காய்ப்பு குறைந்தது. அணை வேண்டும் என்று கேட்ட விவசாயிகளே தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று வழக்குக்குப் போனார்கள். நீர்ப்பாசனத் திட்டத்துக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு இருக்க முடியாது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணி வெளியூர்களுக்குச் சாயமேற்றப் போனது. திருட்டுத்தனமான பட்டறைகள் தோட்டங்களில் முளைத்தன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிய ஆலைகளே மீண்டும் இயங்கின. சவ்வுகளால் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, நீரைத் திரும்பப் பயன்படுத்தும் இம்முறை செலவு மிக்கது. ஆனாலும் நடைமுறையில் சாத்தியம் என்பதை இவ்வூரே காட்டியிருக்கிறது. முதல் நாளிலேயே இதைக் கணக்கில் சேர்த்திருந்தால் பனியனின் விலை கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த விலையைத்தான் கீழ்க்கரை விவசாயி நிலமாகக் கொடுத்தார்.

இதே நொய்யல் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கி, மணிக்கல் அறுத்த தொழிலூர் அது. அங்கிருந்து கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட நொய்யல் என்ற ஊரருகே ஆறு காவிரியில் கலக்கிறது. காவிரித் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் அதற்கும் கீழே இருக்கிறார்கள்.