சம்பளமா? ஹி ஹி...

மெடிக்கல் ரெப்புங்க நாங்க எதையும் பேசுவோம்: ஸ்டாக்கிஸ்ட் பாக்கி, லாட்ஜ் மூட்டைப்பூச்சி, டாக்டர் வீட்டுக் கல்யாணம். சம்பளம்னா மட்டும் சிரிப்புதான். இங்க நாக்பூர்ல என்னோட அதே டார்கெட் தூக்கற மராட்டிப் பையன், லோன் ஃபார்ம் நிரப்பித் தரச் சொன்னான். எனக்கு 31,000. அவனுக்கு 22,500! சின்ன கம்பெனியிலேர்ந்து வந்தவனாம். பழைய சம்பளத்துக்கு மேல கொஞ்சம் போட்டுக் கொடுத்திருக்காங்க. (டி.ஏ. மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான், அதுக்கு சர்க்குலர் வருமே!) ஆர்டர்லயோ 'சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது'.

கேட்டா வேலை போயிடும்னு பயப்படறான். பயம் நியாயம்தான். 1994-ல சுப்ரீம் கோர்ட், ரெப்புங்க 'ஒர்க்மேன்' இல்லைன்னு சொல்லிடுச்சு. 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புலதான் எங்களையும் தொழிலாளின்னு சேர்த்தாங்க. அதைச் சொல்லி, என் சம்பள ஸ்லிப்பையும் காட்டினேன். திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போறான்.