வயிற்றில் தொடங்கும் உருவம்

தெரிசினோசாரஸ் என்ற டைனோசரை மண்ணில் செய்ய வருபவர்களின் கை முதலில் நகத்துக்குத்தான் போகும். அரை மீட்டர் நீள நகம் என்றால் ஆசை வரத்தான் செய்யும். நான் வயிற்றில் தொடங்கச் சொல்வேன். ஊன் உண்ணிகள் நிறைந்த தெரோபோடு குலத்தில் பிறந்து, இலைதழைக்கு மாறிய விலங்கு அது. இலை லேசில் செரிக்காது. பெருங்குடலில் கிடந்து நொதிக்க வேண்டும். அந்தக் குடலைத் தாங்கத்தான் இடுப்பு அகன்றது, இடுப்பின் முன்னெலும்பு பின்பக்கம் திரும்பியது, பாதத்தின் நான்கு விரல்களும் தரையில் ஊன்றின.

கம்பிக்கூட்டில் வைக்கோல் பிரி சுற்றி, தாமிரபரணி பாயும் குளத்து மண்ணை மணலும் உமியும் சேர்த்து மிதித்து அப்புகிறேன். வயிறு ஏற ஏற உருவம் முன்னால் சாயும். காலை அகட்டி, மார்பை நிமிர்த்தினால்தான் நிற்கும். எலும்புகள் சொல்லும் அதே நிலைக்கு எடையும் கொண்டுவந்து நிறுத்துவது எனக்கு இன்றும் வியப்பு. மெல்லிய கழுத்து முந்திக் காய்ந்து வெடிக்கும் என்பதால், வயிறு காயும்வரை அதற்கு ஈரத்துணி சுற்றுவேன். சீனாவில் கிடைத்த உறவுக்கார விலங்கான பெய்ப்பியாவோசாரஸின் புதைபடிவத்தில் இறகுத் தடம் உண்டு. அதனால் மேல்தோலில் மூங்கில் குச்சியால் இழை இழையாகக் கீறுவேன். நகம் கடைசியில்தான்.

தெரிசினோசாரஸின் எச்சங்களாக மங்கோலியாவில் 1948-இல் கிடைத்தவற்றில் பெரிய நகங்களே முக்கியம். 1954-இல் பெயரிட்ட ஆய்வாளர் மலேயேவ் அதை ஆமை போன்ற விலங்கு என்றே எண்ணினார். பின்னர் கைகள் கிடைத்தன. உடலின் பெரும்பகுதி இன்றும் உறவு விலங்குகளை வைத்து ஊகித்ததுதான். ஆகவே எலும்பு கிடைத்த பாகத்துக்குக் காவியும், ஊகித்த பாகத்துக்கு வெளிர்நிறமும் பூசுகிறேன். பார்க்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

எங்கள் திருநெல்வேலிப் பாறைகள் பெரும்பாலும் டைனோசர் காலத்துக்கு வெகு முந்தியவை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. இங்கே டைனோசர் எலும்பைத் தேடிப் பயனில்லை. ஆனால் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் படிவு இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு சின்னஞ்சிறு பல், பறவைகளுக்கு நெருங்கிய ட்ரூடான்டிட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இக்குடும்பத்தில் சில இனங்கள் தாவரமும் தின்றிருக்கலாம் என்ற கருத்து உண்டு. பல்லின் பெரிய அரம்பப் பற்களே அதற்கு ஒரு காரணம்.

அந்த விலங்கின் உடலை நான் செய்வதில்லை. பல்லை மட்டும் கையளவு பெரிதாக்கி, ஒவ்வோர் அரம்பப் பல்லையும் செதுக்கிச் சுடுகிறேன். முழு உருவம் செய்யும் உரிமையை, கல்லமேட்டு மண்ணைச் சலித்து அடுத்த எலும்பை எடுப்பவர்கள்தான் எனக்குத் தர வேண்டும்.